பழைய கார்களின் சில்லறை எரிச்சல்கள் (பெரிய புகார்களுக்கு இங்கே இடமில்லை)

#1 மார்க்3_சேலம்

துரு, எஞ்சின் ரீபோர், ஆர்.சி. புதுப்பிப்பு இதற்கெல்லாம் தனித்தனி இழைகள் இருக்கின்றன, அங்கே போய் அழுதுகொள்ளலாம். இங்கே வேறு. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் இதை வரைந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றுகிறதே, அந்தச் சங்கதிகள் மட்டும்.

என்னுடையது அம்பாசடர் மார்க் 3. முதல் புகார், காலால் அடிக்கிற டிப்பர், அதாவது ஹெட்லைட்டை டிம் செய்கிற ஸ்விட்ச். கிளட்சுக்கு இடது பக்கம் தரையில் ஒரு குமிழ். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. ராத்திரி கொல்லிமலை ஏறிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் இடது கால் கிளட்சை மிதிக்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் அதே இடது கால்தான் டிம்மும் அடிக்க வேண்டும். இடது கை ஹேண்ட் கியரில், அதாவது ஸ்டியரிங் தண்டில் இருக்கிற கியர் கோலில். மிச்சமிருக்கும் வலது கை ஒன்றுதான் ஸ்டியரிங்குக்கு, அதுவும் பவர் இல்லாத ஸ்டியரிங். டிம் அடிக்காமல் போனால் பஸ்காரர் ஜன்னலைத் திறந்து நம் குடும்பத்தையே விசாரிப்பார்.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. முன் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்குகிற தண்ணீர் வேறெங்கும் போகாமல் நேராக அந்தக் குமிழடிக்கு வந்து சேரும். உள்ளே காண்டாக்ட் பச்சை பூத்துவிடும். அப்புறம் டிம் அடித்தால் இரண்டு விளக்கும் அணைந்து, கொஞ்சம் யோசித்து, பிறகுதான் எரியும்.

உங்கள் வண்டியில் என்ன?

#2 பத்மினிப்பிரியன்

பத்மினியில் டிம், இண்டிகேட்டர் இரண்டும் ஸ்டியரிங் தண்டிலேயே, விரல் எட்டும் தூரத்தில். ஓட்டுகிறவருக்குக் கை என்று ஒன்று இருப்பது இதன் மூலமான ஃபியட் 1100-ஐ வரைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்பாசடர்காரர்கள் வயிறெரியட்டும்.

என் பெருமை அதோடு முடிந்தது. ஹேண்ட் பிரேக்குக்கு வருவோம். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இழுக்கிற குடைக் கைப்பிடி ரகம். இழுப்பது சுலபம். விடுவிக்க அதைத் திருப்பி உள்ளே தள்ள வேண்டும். மேட்டில் நிற்கிறோம், பின்னால் ஆட்டோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கால் கிளட்சில், ஒரு கால் ஆக்சிலேட்டரில். குனிந்து அந்தப் பிடியைத் திருப்புகிற நேரத்தில் சாலையே கண்ணில் இருக்காது. உயரமானவர்களுக்கு முழங்காலில் இடிக்கும், குள்ளமானவர்களுக்கு எட்டாது. பாரபட்சமே இல்லாத பாகம்.

#3 பட்டறைவாசி

இந்த இரண்டு வண்டிகளுக்கும் அடியில் படுத்தே காலம் போனவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். வரைந்தவரைத் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி புதிதாக வெளியே வந்த அன்றைக்கே இந்தத் தொல்லை இருந்ததா? இருந்தால் தாராளமாகத் திட்டலாம். இல்லையென்றால் தேய்மானம், அல்லது நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான்.

சேலம் தம்பி சொன்ன டிப்பர் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி ரப்பர் ஒழுகுவது தேய்மானம். ரப்பரின் வயதைப் பாருங்கள். விளக்கு யோசிப்பதற்கும் காரணம் உண்டு. ஹெட்லைட்டின் மொத்த கரண்ட்டும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. காண்டாக்ட் கொஞ்சம் கெட்டாலும் சூடாகும், வெளிச்சம் மங்கும். இரண்டு ரிலே வாங்கி பானெட்டுக்குள் கண்ணில் படாத இடத்தில் மாட்டுங்கள். ஸ்விட்சுக்குப் பாரம் குறையும், விளக்கும் பளிச்சென்று எரியும்.

#4 மார்க்3_சேலம்

ரிலே போடுகிறேன் ஐயா. அப்படியானால் ஹேண்ட் கியர் சிக்கிக்கொள்வது எந்தக் கணக்கில் வரும்?

#5 பட்டறைவாசி

தேய்மானம். சந்தேகமே வேண்டாம்.

கியர் பெட்டி தரைக்கு அடியில், கோல் ஸ்டியரிங்கில். நடுவில் ராடுகள், ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் (தேய்வதற்கென்றே வைத்த சின்ன வளையம்). ஒவ்வொரு புஷ்ஷிலும் துளித்துளி ஆட்டம் வந்தால் போதும், நீங்கள் கையை அசைப்பதில் பாதிதான் கியர் பெட்டிக்குப் போய்ச் சேரும். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாண்டும்போது ஒரு செலக்டர் முழுவதும் நியூட்ரலுக்குத் திரும்புவதற்குள் கோல் அடுத்ததைப் பிடிக்கப் பார்க்கும். அங்கேதான் பூட்டிக்கொள்ளும். சிக்னலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ராடைக் கையால் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல ஏறி உட்காருகிற டாக்சிக்காரர்களை அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். புது புஷ் போட்டு ராடு நீளத்தைச் சரியாக செட் செய்தால் இரண்டு விரலில் மாற்றலாம்.

#6 பத்மினிப்பிரியன்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை மூட்டு வைத்து, அத்தனையும் ஒரு நாள் தேயும் என்று தெரிந்தே வரைந்தால் அது வரைந்தவர் குறைதானே? முன்னால் மூன்று பேர் உட்கார வேண்டும், அதனால் தரையில் கியர் கோல் நிற்கக் கூடாது. அந்த ஒரு முடிவுக்காக ஓட்டுகிறவர் ஆயுசு முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? தரையில் கியர் வைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் இந்தப் பேச்சே இல்லையே.

#7 பட்டறைவாசி

பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியை உங்கள் கிரீஸ் கன்னிடம் கேளுங்கள், அதைக் கடைசியாக எப்போது கையில் எடுத்தீர்கள் என்று.

#8 அப்பாவின்_அம்பாசடர்

முன் சீட்டைப் பற்றி யாராவது பேசுவீர்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் ஐந்தரை அடிக்கு மேல் போலிருக்கிறது.

என் உயரம் ஐந்தடி. அம்பாசடரின் முன் சீட் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே சீட். கிளட்சைத் தரை வரை மிதிக்க வேண்டுமென்றால் நான் சீட்டை முன்னுக்கு இழுத்தாக வேண்டும். இழுத்தால் பக்கத்தில் இருக்கிற என் கணவரும் சேர்ந்து முன்னுக்கு வருவார். அவர் ஆறடி. முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில், மூக்கு கண்ணாடிக்குப் பக்கத்தில். ஒரு தடவை திருச்சியிலிருந்து மதுரை வரை அப்படியே வந்தார். அதோடு பின் சீட்டுக்குக் குடிபோய்விட்டார். இப்போது கல்யாண மண்டப வாசலில் இறங்கினால் அவரை வரவேற்றுவிட்டு, என்னிடம் "வண்டியை அந்தப் பக்கம் போடும்மா" என்கிறார்கள்.

ஆனால் அவர் பின்னால் உட்கார ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பின் சீட்டில் குறையே சொல்ல முடியாது. காலை நீட்டலாம், தலைக்கு மேல் தாராளமாக இடம், வேட்டியோ புடவையோ எதையும் தூக்கிப் பிடிக்காமல் ஏறி இறங்கலாம். இந்த வண்டியின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலாந்தில் குடும்பக்காரர் தானே ஓட்டிக்கொள்வதற்கான கார். இங்கே அது அரசாங்க வண்டியாகவும் முதலாளி வண்டியாகவும் ஆனபோது, வாங்குகிறவர் பின்னால் உட்கார்ந்தார். ஓட்டுகிறவரிடம் வசதியா என்று யார் கேட்கப்போகிறார்கள்? 1957-இல் ஆரம்பித்த வண்டிக்குத் தரையில் கியரும் முன்னால் தனித்தனி சீட்டும் தொண்ணூறுகளில் இசுசு எஞ்சின் வந்த பிறகுதான் கிடைத்தன. டிப்பரைக் காலுக்குக் கீழே விட்டு வைத்ததும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பட்டறைவாசி ஐயா, இது புது வண்டியிலேயே இருந்த குறை. உங்கள் பரீட்சையில் தேறுமா?

#9 பட்டறைவாசி

தேறிவிட்டது அம்மா. ஃபர்ஸ்ட் கிளாஸ்.

#10 ஹெரால்டு_அடையாறு

மேலே ஹெரால்டைப் புகழ்ந்த நண்பருக்கு நன்றி. இப்போது நான் அழுகிறேன்.

1961-லிருந்து நம் மெட்ராஸில் செய்த வண்டி. இதன் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்பக்கம் சாயும். திறந்துவிட்டால் சொர்க்கம். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைச் சுற்றி எந்த போல்ட்டையும் தொடலாம். மெக்கானிக்குகள் யாரும் இந்த வண்டியைத் திட்டி நான் கேட்டதில்லை.

ஆனால் மூக்கு சாய இடம் வேண்டுமே? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சுவரைப் பார்த்து நிறுத்தினால் தீர்ந்தது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, பானெட்டைத் திறந்து பார்க்கலாம் என்றால் திறக்காது. திறக்க வண்டியைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ள வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டும். அதனால்தான் ஹெரால்டுக்காரர்கள் எங்கே போனாலும் ரிவர்ஸில் நிறுத்துகிறோம். 25 அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கிற வண்டி என்பதால் அது ஒன்றும் கஷ்டமில்லை. இந்த விஷயத்தில் புது கார்கள் பெரும்பாலும் கிட்டே வர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பானெட் கொக்கிகள் வெளியே, பக்கத்துக்கு ஒன்று, முன் சக்கரத்துக்குப் பின்னால் தாழ்வாக. சக்கரம் அடிக்கிற சேறெல்லாம் அங்கேதான். வெள்ளைச் சட்டையோடு ஹெரால்டு பானெட்டைத் திறந்தவர் யாரும் இல்லை. பூட்டும் கிடையாது, போகிற வருகிறவர் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அடுத்தது ரிசர்வ். பெட்ரோல் டாங்கி டிக்கிக்குள் இருக்கிறது, ரிசர்வ் நெம்புகோல் டாங்கியில் இருக்கிறது. முள் பொய் சொல்லி வண்டி நின்றால், இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, ஊருக்கு எடுத்துப்போகிற பெட்டிகளை எல்லாம் ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுத்தான் அதைத் திருப்ப முடியும்.

இன்னொன்று ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். முன் சஸ்பென்ஷனில் கீழ் ட்ரனியனுக்கு (முன் சக்கரம் திரும்புகிற மரை மூட்டு) கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான். பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரியே இருப்பதால் சர்வீஸுக்கு விட்டால் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். நான் பக்கத்தில் நின்றே செய்யச் சொல்கிறேன்.

#11 பட்டறைவாசி

உண்மை. கிரீஸ் உள்ளே இறுகிவிட்டால் மரை தேயும், பிறகு உடையும். உடைந்தால் சக்கரம் மடங்கி வண்டி உட்கார்ந்துவிடும். இதைச் சில்லறை எரிச்சல் கணக்கில் எழுதாதீர்கள்.

#12 யாழ்_மைனர்

அண்ணைமாருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர் 1000. ட்ரனியன் கதை எங்களுக்கும் உண்டு, அதை விடுவோம். எங்களுடைய பிறேக் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது தெரியுமோ?

சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், சட்டத்துக்குள். பிறேக் எண்ணெய் மட்டம் பார்க்க விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, ரோச் அடித்துப் பார்க்க வேண்டும். ஊற்றும்போது மண் ஒரு துளி உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலிண்டரையே கழற்ற வேண்டி வந்தால் விசேஷம். அதைப் பிடித்திருக்கிற போல்ட் வெளியே வருவதற்கு டோர்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்கிற முறுக்குக் கம்பி) வழிவிடாது. முன் சஸ்பென்சனைத் தளர்த்தி பாரை விலத்த வேண்டும். பிறேக் வேலைக்குப் படுத்தவர் சஸ்பென்சன் வேலையும் முடித்துத்தான் எழும்புவார்.

இவ்வளவுக்கும் இதைச் செய்த அலெக் இசிகோனிஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிறகு மினியைத் தந்தவர். மைனர் 1948-இல் வெளியே வருவதற்கு முன், மாதிரி வண்டி ஒடுங்கிப்போய்த் தெரிகிறது என்று அதை நடுவால் பிளக்கச் செய்து நாலு அங்குலம் அகட்டிப் பார்த்தவர். பொனட்டின் நடுவில் ஓடுகிற தட்டையான பட்டி அந்த நாலு அங்குலம்தான். அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு, பிறேக் எண்ணெய் ஊற்றுகிறவனின் நாரி (இடுப்பு) மட்டும் தெரியவில்லை.

பெற்றோல் பம்பும் ஒரு சேட்டைக்காரன். மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பொனட்டைத் திறந்து ஸ்பனரால் ஒரு தட்டு. உள்ளே பொயின்ற் ஒட்டிக்கொள்வதுதான் காரணம்.

ஆனாலும் முழுக்கக் குறை சொல்ல வாய் வராது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலம் இங்கே மைனரும் ஒஸ்ரின் ஏ40-உம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இப்போதைய கார் ஒன்றுக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள்.

#13 பத்மினிப்பிரியன்

யாழ் நண்பரே, உங்கள் பம்ப் ஒரு தட்டில் வழிக்கு வருகிறது. எங்களுடையதற்கு ஈரத்துணி சுற்ற வேண்டும்! சித்திரை வெயிலில் டிராபிக்கில் மாட்டினால் ஏர்லாக். பத்மினி வைத்திருப்பவர் காரில் தண்ணீர் பாட்டிலும் பழைய பனியனும் இல்லாமல் இருக்காது. பாட்டில் குடிப்பதற்கு அல்ல. பானெட்டைத் திறந்து, பனியனை நனைத்து பம்ப் மேல் போட்டுவிட்டுக் காத்திருப்போம். அதற்குள் இரண்டு பேர் வந்து "எங்க தாத்தாவும் இந்த வண்டிதான் வச்சிருந்தார்" என்று ஆரம்பிப்பார்கள்.

ஐயா, இது புது வண்டியிலேயே இருந்ததுதானே?

#14 பட்டறைவாசி

இருந்தது. அந்தக் காலத்திலும் பனியன் போட்டார்கள்.

பம்ப் எஞ்சின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின் சூடு அப்படியே ஏறும். அதோடு அது பின்னாலிருக்கிற டாங்கியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சுகிற குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். ஆவி வந்துவிட்டால் பம்ப்புக்குள் இருக்கிற டயஃப்ரம் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. வண்டி ஓடும்போது காற்றுப் படுகிறது, நின்றால்தான் வம்பு.

வழி ஒன்றுதான். டாங்கிப் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் வைத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளுகிற குழாயில் அழுத்தம் கூடுதல், அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. கார்ப்பரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த பம்ப்பாகக் கேட்டு வாங்குங்கள், புது காரின் பம்ப் வேண்டாம். மோதினால் தானே நிறுத்துகிற கட்-ஆஃப் ஸ்விட்சும் அவசியம், இல்லாவிட்டால் குழாய் உடைந்த பிறகும் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கையோடு பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் ஊறிப் பிசுபிசுத்து வெடிக்கிறது.

#15 ஹெரால்டு_அடையாறு

கண்காட்சிக்குப் போகிற வண்டியில் எலெக்ட்ரிக் பம்ப்பா? நடுவர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள் ஐயா. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்?

#16 பட்டறைவாசி

பழைய பம்ப்பை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள், நடுவர் பார்த்து மகிழட்டும். புதிது டாங்கிப் பக்கம் ஒளிந்திருக்கும். கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிப் போகிற வண்டிக்கு எதுவும் வேண்டாம். ஓட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு வேண்டும்.

#17 புதுக்கார்க்காரன்

படிக்கவே மூச்சு முட்டுகிறது. விற்றுவிட்டு ஏசி வண்டி ஒன்று வாங்கினால் என்ன?

#18 அப்பாவின்_அம்பாசடர்

எங்கள் வீட்டில் அதுவும் நிற்கிறது தம்பி. அதில் காற்றை முகத்திலிருந்து காலுக்குத் திருப்ப டச் ஸ்கிரீனில் மூன்று இடம் தொட வேண்டும், ரோட்டைப் பார்க்காமல். அம்பாசடரில் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் முடிந்தது. அந்தக் கண்ணாடியின் கொக்கிதான் வருஷத்துக்கு ஒரு தடவை உடையும், அதை வேண்டுமானால் புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.

#19 மார்க்3_சேலம்

விட்டுப்போனவை சில.

ஸ்பேனர். அம்பாசடர் அங்குலக் கணக்கு. அரை அங்குல போல்ட் என்றால் 12.7 மி.மீ. இன்றைக்கு எந்தக் கடையிலும் கையில் கொடுப்பது 13. கொஞ்சம் ஆட்டத்தோடு உட்காரும், அழுத்தித் திருப்பினால் போல்ட் தலை உருண்டுவிடும். 7/16 போல்ட்டுக்கு 11 நுழையவே நுழையாது. எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் பாதி போல்ட்டை மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டதால் இப்போது இரண்டு செட்டும் சுமக்கிறேன். (ஐயா கணக்குப்படி இது "எவனோ கை வைத்தது".)

சாவி. ஸ்டார்ட் செய்ய ஒன்று, கதவுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று, பெட்ரோல் மூடிக்கு ஒன்று. பங்க்கில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் சரியான சாவி கையில் வரும்.

சீட் பெல்ட். 1994 மார்ச்சுக்குப் பிறகு தயாரான கார்களுக்குத்தான் முன் சீட் பெல்ட் கட்டாயமானது. என் வண்டியில் அதை மாட்ட இடமே கிடையாது. கேமராவுக்கு அது தெரியுமா? சலான் வந்தது. ஆர்.சி. நகலோடு போய் விளக்கினேன், கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் அதே கேமராவிலிருந்து இன்னொன்று.

போன் ஸ்டாண்டையும் சொல்ல வேண்டும். ரப்பர் உறிஞ்சி வைத்த ஸ்டாண்ட் எதுவும் அந்த டேஷ்போர்டில் நிற்பதில்லை. சார்ஜ் போட ஓட்டையும் இல்லை. அதற்காக ஐம்பதுகளில் வரைந்தவரைத் திட்டுவது அநியாயம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

#20 அப்பாவின்_அம்பாசடர்

பட்டறைவாசி ஐயா, ஒரு யோசனை கேட்கிறேன். முன் சீட்டை வெட்டி இரண்டாக்கித் தருகிறேன் என்கிறார் இங்கே ஒரு டிங்கரிங் கடைக்காரர். செய்யலாமா? அப்பா உட்கார்ந்த சீட், மனசு வரவில்லை.

#21 பட்டறைவாசி

வெட்ட வேண்டாம். வெட்டினால் ரெயில் புதிதாக வைக்க வேண்டும், தரைத் தகட்டில் வெல்டிங் வரும், அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். சீட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பெடலை உங்களிடம் கொண்டுவரலாம். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றுக்கும் மேல் கட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். மூன்றும் ஒரே கனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் மாறும்போது தடுக்கும். கம்பி வைத்துக் கட்டுகிற வேலை, ஒட்டுகிற வேலை எதுவும் வேண்டாம், பிரேக்கில் அது கழன்றால் ஆபத்து. முதுகுக்குப் பின்னால் கெட்டியான திண்டு ஒன்று. வீட்டுக்காரர் மறுபடி முன்னால் வந்து உட்காரலாம்.

#22 அப்பாவின்_அம்பாசடர்

கட்டை எத்தனை அங்குலம் ஐயா?

#23 பட்டறைவாசி

அதை எழுத்தில் சொல்ல முடியாது. நீங்கள் உட்கார்ந்து, கிளட்சை அடி வரை மிதித்து, முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கிறதா என்று பார்த்து அளக்க வேண்டும். கோயம்புத்தூர் பக்கம் வந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.

#24 அப்பாவின்_அம்பாசடர்

ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

#25 பட்டறைவாசி

மதியம் வரை. ஓட்டும்போது போடுகிற செருப்போடு வாருங்கள்.